சொந்த இயங்குதளத்தில் டிசிபி அமைப்புகளைச் சரிசெய்வது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சனிக்கிழமைகளில் தெம்பனிஸ் வட்டார நூலகத்தில் நாங்கள் நாலைந்து பேர் மடிக்கணினியோடு உட்கார்ந்துகொள்வோம். எல்லாருக்கும் ஒரே ஆசை: சொந்தமாக ஓர் இயங்குதளம் எழுத வேண்டும். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி ஒருநாள் முகம் வாடி வந்தான். "அண்ணே, க்யூஎம்யூவில 10 எம்பி ஃபைல் மூணு செகண்ட்ல இறங்குது. அதே கெர்னலை நிஜ மெஷின்ல போட்டு சென்னையில இருக்கிற சர்வர்ல இருந்து இறக்கினா மூணு நிமிஷம் ஆகுது. கார்டு டிரைவர்ல தப்பா?"

க்யூஎம்யூ என்பது ஒரு கணினியை மென்பொருளிலேயே போலியாக ஓட்டும் எமுலேட்டர்; கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி; டிரைவர் என்பது நெட்வொர்க் கார்டை இயக்கும் நிரல். டிரைவரில் தப்பே இல்லை. அவன் எழுதிய நிரல் வரிகள் (கோடு) முழுக்கச் சரியாகத்தான் இருந்தது. டிசிபி (சரக்கைப் பாக்கெட்டுகளாக, விடுபடாமல் கொண்டுசேர்க்கும் இணைய விதிமுறை) போன்றவற்றைக் கையாளும் நெட்வொர்க் ஸ்டேக்கின் அமைப்புக் கோப்பில் ஓர் எண்ணை அவன் தொடவே இல்லை, அவ்வளவுதான். அந்த எண் எது, அதை மாற்றும்போது கூடவே எவற்றையெல்லாம் மாற்ற வேண்டும், எந்த வரிசையில் போக வேண்டும் என்பதை அவனுக்குச் சொன்னபடியே இங்கே எழுதுகிறேன்.

உங்களிடம் இவ்வளவு இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்: பூட் ஆகும் ஒரு கெர்னல், இன்டெல் இ1000 அல்லது ரியல்டெக் ஆர்டிஎல்8139 கார்டுக்கு ஒரு டிரைவர், அதன்மேல் எல்டபிள்யூஐபி ஸ்டேக். சுவீடன் கணினி அறிவியல் கழகத்தில் ஆடம் டங்கல்ஸ் தொடங்கியது எல்டபிள்யூஐபி. ரியாக்ட்ஓஎஸ்கூட இதைத்தான் பயன்படுத்துகிறது. டிசிபி ஸ்டேக்கை நீங்களே எழுதியிருந்தாலும் கீழே வரும் கணக்கு மாறாது, பெயர்கள்தான் மாறும். அமைப்புகளின் பெயரை நாம் வாயால் சொல்கிற மாதிரியே எழுதுகிறேன். கோப்பில் அவை பெரிய எழுத்தில், நடுவில் அடிக்கோடு போட்டு இருக்கும்.

இந்த ஸ்டேக் எதற்காகப் பிறந்தது என்பதை மனத்தில் வையுங்கள். சில பத்துக் கிலோபைட் ராம் மட்டுமே உள்ள சின்னக் கருவிகளுக்காக எழுதப்பட்டது. அதனால் அதன் இயல்பு எண்கள் (நாம் மாற்றாவிட்டால் இருப்பவை) எல்லாமே சிக்கனமானவை. உங்கள் கெர்னலோ 128 எம்பி, 256 எம்பி ராமில் ஓடும். சிக்கனத்தை எங்கே விடலாம், எங்கே விடக்கூடாது என்று பார்ப்பதுதான் நம் வேலை.

முதலில் கடிகாரம்

வேகத்தைப் பற்றி யோசிக்கும் முன் கடிகாரத்தைச் சோதியுங்கள். இதைச் செய்யாமல் நான் இரண்டு வாரம் இழந்தேன்.

என் கெர்னலில் பிஐடி என்ற டைமர் சிப்பை வினாடிக்கு 100 முறை துடிக்க வைத்திருந்தேன். இப்போது எத்தனை மில்லிவினாடி என்று ஸ்டேக் கேட்கும் ஃபங்ஷனில், அந்தத் துடிப்பு எண்ணிக்கையை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒரு துடிப்பு 10 மில்லிவினாடி. பத்தால் பெருக்க மறந்துவிட்டேன். ஸ்டேக்கின் எல்லா டைமர்களும் பத்து மடங்கு மெதுவாக ஓடின. இணைப்பைத் தொடங்கும் முதல் சின் பாக்கெட் தொலைந்தால் 3 வினாடியில் மறுபடி அனுப்ப வேண்டும். என் கெர்னல் 30 வினாடி காத்திருந்தது. பாக்கெட் எதுவும் தொலையாதபோது எல்லாம் சரியாக ஓடியதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வீட்டு ரௌட்டரைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சோதிப்பது எளிது. அந்த ஃபங்ஷன் தரும் எண்ணைத் திரையில் எழுதுங்கள், கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் கழித்து மறுபடி எழுதுங்கள். வித்தியாசம் 60,000-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 6,000 என்று வந்தால் என் தவறையே நீங்களும் செய்திருக்கிறீர்கள்.

அளக்கத் தகுந்த சாலை

தம்பியின் புதிருக்கு விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

க்யூஎம்யூவைச் சாதாரணமாக ஓட்டினால் அது பயனர் நிலை நெட்வொர்க் என்ற ஒன்றைத் தரும். கெர்னலுக்கு 10.0.2.15 என்ற முகவரி, கேட்வேக்கு 10.0.2.2, டிஎன்எஸ்ஸுக்கு 10.0.2.3. அமைக்க எந்தச் சிரமமும் இல்லை. எல்லாரும் இதில்தான் தொடங்குவார்கள். ஆனால் இதில் உங்கள் கெர்னல் தொடங்கும் டிசிபி இணைப்பு சென்னை வரை போவதே இல்லை. க்யூஎம்யூவே அதைப் பாதியில் வாங்கிக்கொள்கிறது. அங்கிருந்து சென்னைக்குப் போவது லினக்ஸோ விண்டோஸோ தொடங்கும் வேறோர் இணைப்பு. கடல் தாண்டும் கஷ்டம் முழுவதையும் அந்தப் பெரிய இயங்குதளம் பார்த்துக்கொள்கிறது. உங்கள் கெர்னலைப் பொறுத்தவரை எதிர்முனை எப்போதும் பக்கத்து அறையில்தான் இருக்கிறது. ஒரு மில்லிவினாடிகூட ஆகாது.

நிஜக் கணினியில் அந்த உதவி கிடையாது. கெர்னலே நேராகச் சென்னையோடு பேச வேண்டும்.

சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு இது கூடுதலாகவே முக்கியம். இங்கே நாம் தொடும் சர்வர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று தீவுக்குள்ளேயே இருக்கும். போய்வர ஒரு சில மில்லிவினாடி. இன்னொன்று கடலுக்கு அப்பால். சென்னை நேர்க்கோட்டிலேயே சுமார் 2,900 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்வர 29 மில்லிவினாடி என்பது இயற்கையின் கீழ்வரம்பு, கேபிளின் வளைவும் நடுவில் உள்ள ரௌட்டர்களும் அதன்மேல் சேரும். 40 என்று வைத்துக்கொண்டால் கணக்குப் போட வசதி. லண்டன் சுமார் 10,900 கிலோமீட்டர். அதற்கு 170 என்று வைப்போம். தீவுக்குள் இருக்கும் சர்வரிலேயே சோதித்துக்கொண்டிருந்தால் அமைப்பில் உள்ள குறை கண்ணில் படாது.

ஆகவே இரண்டாம் படியாக, தூரத்தை நீங்களே உண்டாக்கிக்கொள்ளுங்கள். லினக்ஸில் ஒரு டேப் இடைமுகம் (மென்பொருளிலேயே இருக்கும் போலி நெட்வொர்க் கார்டு) உருவாக்கி, க்யூஎம்யூவை அதோடு இணையுங்கள். லினக்ஸ் பக்கம் 192.168.50.1, கெர்னல் பக்கம் 192.168.50.2 என்று கொடுத்தால் போதும். வீட்டு வைஃபையோடு இணைக்கத் தேவையில்லை. லினக்ஸ் பக்கத்தில் பைத்தானோடு வரும் ஹெச்டிடிபி சர்வரை ஓட்டி, 10 எம்பி கோப்பு ஒன்றை வையுங்கள். அப்புறம் டிசி கட்டளையில் உள்ள நெட்எம் மூலம் அந்த டேப் இடைமுகத்துக்கு 40 மில்லிவினாடி தாமதம் கொடுங்கள். லினக்ஸிலிருந்து கெர்னலுக்குப் போகும் ஒவ்வொரு பாக்கெட்டும் அவ்வளவு நேரம் காத்திருந்துதான் போகும். மேசையை விட்டு எழாமலே உங்களுக்குச் சென்னை கிடைத்துவிட்டது. எண்ணை 170 ஆக்கினால் லண்டன்.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு நன்மையும் உண்டு. பள்ளி நெட்வொர்க்கிலோ அலுவலக நெட்வொர்க்கிலோ அரைகுறையாக எழுதிய ஒரு ஸ்டேக்கைக் கோக்கவே வேண்டியதில்லை. ஓர் ஐபி முகவரி எந்தக் கார்டுக்குரியது என்று சொல்லும் ஏஆர்பியில் தவறான பதில் ஒன்று போதும், பக்கத்தில் இருப்பவருடைய இணைப்பும் அறுந்துவிடும். நிர்வாகியிடம் அனுமதி வாங்காமல் அதைச் செய்யாதீர்கள்.

போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கில் டேப் இடைமுகத்தைத் திறந்து வையுங்கள். ஸ்டேக்கின் புள்ளிவிவரங்களை அச்சிடும் வசதியையும் கோப்பில் இயக்கிவிடுங்கள். அது இயல்பாக அணைந்திருக்கும். இனி எதையும் ஊகிக்க வேண்டாம். ஒரு நோட்டில் தேதி, மாற்றிய எண், மூன்று முறை இறக்கியதில் நடுவில் வந்த நேரம், இவ்வளவும் எழுதுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் டிசிபியில் சில எண்கள் கூட்டாக மாறினால்தான் அர்த்தம், அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

விண்டோ: இந்தக் கட்டுரையின் நெஞ்சு

டிசிபியில் பெறுகிறவர் ஒவ்வொரு பதிலிலும், "இன்னும் இத்தனை பைட் வரை அனுப்பலாம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த எண்தான் விண்டோ. அனுப்புகிறவர் அதற்கு மேல் ஒரு பைட்கூட அனுப்பக்கூடாது. பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டபம் பொங்கோலில், சமையல் தேக்காவில். மண்டபத்திலிருந்து, "நாலு இலை போட்டிருக்கிறோம், நாலு பேருக்கு அனுப்புங்கள்" என்று சொல்கிறார்கள். வேன் நாலு சாப்பாட்டோடு வருகிறது, திரும்பிப் போகிறது, மறுபடி நாலோடு வருகிறது. சமையற்காரர் எவ்வளவு வேகமாகச் சமைத்தாலும், விரைவுச்சாலை எவ்வளவு அகலமாக இருந்தாலும், ஒரு நடைக்கு நாலு பேருக்குத்தான் சாப்பாடு.

எல்டபிள்யூஐபியில் டிசிபி எம்எஸ்எஸ்ஸின் இயல்பு 536 பைட். அதாவது ஒரு பாக்கெட்டில் வைக்கும் சரக்கின் உச்ச அளவு. விண்டோவின் இயல்பு அதைப் போல நாலு மடங்கு, 2,144 பைட். சரியாக நாலு இலை.

கணக்கைப் பாருங்கள். ஒரு நடைக்கு 2,144 பைட், ஒரு நடைக்கு 40 மில்லிவினாடி. வகுத்தால் வினாடிக்கு 53,600 பைட். 10 எம்பி கோப்புக்கு 187 வினாடி, மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். தம்பி பார்த்த நேரம் அதேதான். அவன் வீவக வீட்டுக்கு வரும் ஃபைபர் ஒரு கிகாபிட்டாக இருந்தாலும் பத்துக் கிகாபிட்டாக இருந்தாலும் இந்த நேரம் குறையாது. லண்டன் என்றால் அதே கோப்புக்கு 13 நிமிடம். எமுலேட்டருக்குள் போய்வர அரை மில்லிவினாடி என்று வைத்தால் வினாடிக்கு 4 எம்பிக்கு மேல் வரும். அதனால்தான் அங்கே பறந்தது.

மறுமுனையில் உள்ள லினக்ஸ் சர்வர் இணைப்புத் தொடங்கியதுமே பத்து முழுப் பாக்கெட் வரை அனுப்பத் தயாராக இருக்கும். நாம்தான் கையைக் காட்டி நிறுத்துகிறோம்.

முதல் மாற்றம்: எம்எஸ்எஸ்

ஈதர்நெட்டின் எம்டியூ, அதாவது தலைப்புகளும் சேர்ந்த ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, 1,500 பைட். அதில் ஐபி தலைப்பு 20, டிசிபி தலைப்பு 20 போக மிச்சம் 1,460. டிசிபி எம்எஸ்எஸ்ஸை 1460 ஆக்குங்கள். நெட்வொர்க் இடைமுகத்தைத் தொடங்கும் ஃபங்ஷனில் எம்டியூவுக்கு 1500 என்று இருப்பதையும் பாருங்கள்; அது குறைவாக இருந்தால் ஸ்டேக் சிறிய எண்ணையே எடுத்துக்கொள்ளும்.

இதைச் செய்ததும் வேகம் கிட்டத்தட்ட 2.7 மடங்கு கூடும். பாக்கெட் பெரிதானதால் வேகம் வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது கொஞ்சம்தான். விண்டோ எம்எஸ்எஸ்ஸின் நாலு மடங்காக எழுதப்பட்டிருப்பதால் அதுவும் தானாக 5,840 ஆகிவிட்டது. வேகம் கூடியதற்கு முக்கியக் காரணம் அதுவே. வயர்ஷார்க்கில் விண்டோ எண்ணைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

இரண்டாம் மாற்றம்: விண்டோவும் பூலும் சேர்ந்து

டிசிபி தலைப்பில் விண்டோவுக்கு 16 பிட் இடம்தான் உண்டு. அதனால் உச்சம் 65,535. எம்எஸ்எஸ்ஸின் முழு மடங்காக வைப்பது நல்லது: 44 பெருக்கல் 1,460, அதாவது 64,240. டிசிபி விண்டோவை இதற்கு மாற்றிக் கம்பைல் செய்தால், உடனே ஒரு பிழைச் செய்தி வந்து நிற்கும். பயப்பட வேண்டாம். ஸ்டேக் உங்களைக் காப்பாற்றுகிறது.

வரும் பாக்கெட்டுகளை வைக்க ஸ்டேக் ஒரு பூல் வைத்திருக்கிறது. பிபஃப் பூல் என்று பெயர். பிபஃப் என்பது ஒரு பாக்கெட் வைக்கும் இடம்; இயல்பாக அதில் 16தான். 44 பாக்கெட்டுக்கு இடம் உண்டு என்று வெளியே அறிவித்துவிட்டு உள்ளே 16 வைத்திருந்தால்? 44 பேருக்குச் சாப்பாடு வந்து இறங்கும், இலையோ 16தான். மிச்சம் தரையில் போகும். அதைச் சமையற்காரர் மறுபடி சமைத்து அனுப்ப வேண்டும். டிசிபியில் இது இன்னும் மோசம், ஏனென்றால் பாக்கெட் தொலைந்ததும் அனுப்புகிறவர் நெரிசல் என்று எண்ணித் தன் வேகத்தையும் குறைத்துக்கொள்வார். பொய்யான பெரிய விண்டோ, உண்மையான சின்ன விண்டோவைவிட மெதுவாகப் போகும்.

அந்தப் பிழைச் செய்தியை அணைக்க ஒரு வசதி கோப்பில் இருக்கிறது. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். அதற்குப் பதிலாக பிபஃப் பூல் சைஸை உயர்த்துங்கள்.

எவ்வளவு? விண்டோவுக்கு 44. டிரைவர் தன் ரிங்கில் (கார்டு பாக்கெட்டுகளைப் போடும் இடங்களின் வட்டப் பட்டியல்; அதன் ஒவ்வொரு பதிவும் ஒரு டிஸ்கிரிப்டர்) பூலிலிருந்தே பிபஃப் எடுத்து வைத்திருந்தால், ரிங்கின் அளவையும் கூட்ட வேண்டும்; 32 டிஸ்கிரிப்டர் என்றால் 76 ஆகிறது. ஏஆர்பி, டிஎன்எஸ், இன்னொரு சின்ன இணைப்பு ஆகியவற்றுக்குக் கொஞ்சம் மிச்சம் வேண்டும். சின்னச் சரக்கோடு வரும் பாக்கெட்டும் ஒரு முழு பிபஃப் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதையும் மறக்காதீர்கள். நான் 128 வைக்கிறேன். ஒன்று சுமார் ஒன்றரை கிலோபைட், மொத்தம் 200 கிலோபைட்டுக்குள். 128 எம்பி கணினியில் அது ஒன்றுமே இல்லை. ரிங்கில் தனி இடம் வைத்து, அங்கிருந்து பூலுக்கு நகல் எடுக்கும் டிரைவராக இருந்தால் 64 போதும்.

ஓர் எச்சரிக்கை: பூல்களுக்குப் பதிலாக உங்கள் கெர்னலில் நினைவகம் ஒதுக்கும் மாலக்கையே பயன்படுத்தச் சொல்லியிருந்தால், அந்தக் கம்பைல் நேரச் சோதனை நடக்காது. அப்போது கணக்கைக் கையால் போடுவது உங்கள் பொறுப்பு.

இப்போது 40 மில்லிவினாடித் தாமதத்தோடு மறுபடி இறக்குங்கள். 64,240-ஐ 0.04-ஆல் வகுத்தால் வினாடிக்கு 16 லட்சம் பைட். 10 எம்பிக்கு 6 வினாடி சொச்சம். நூலகத்தில் தம்பியின் திரையில் இந்த எண் வந்தபோது அவன் எழுந்தே நின்றுவிட்டான்.

பாதியில் நின்றுபோனால்

விண்டோவைத் தொடும்போது அடிக்கடி வரும் ஒரு கோளாறைச் சொல்லிவிடுகிறேன். கோப்பு கொஞ்சம் இறங்கி, அப்படியே நின்றுவிடும். எத்தனை பைட்டில் நின்றது என்று பாருங்கள். விண்டோ 2,144 ஆக இருந்தபோது சரியாக 2,144-லும், 64,240 ஆக்கியபின் சரியாக 64,240-லும் நின்றால், காரணம் ஒன்றுதான். வந்த சரக்கை எடுத்துக்கொண்டேன் என்று நிரல் ஸ்டேக்குக்குச் சொல்லவில்லை.

எல்டபிள்யூஐபியின் அடிமட்ட ஏபிஐயில் டிசிபி ரிசீவ்ட் என்ற ஃபங்ஷனை, எடுத்த பைட் எண்ணிக்கையோடு நீங்களே அழைக்க வேண்டும். அழைக்காவிட்டால் விண்டோ சுருங்கிச் சுருங்கிச் சுழியத்துக்கு வந்துவிடும். வயர்ஷார்க் அதை ஸீரோ விண்டோ என்று எடுப்பான நிறத்தில் காட்டும். சாக்கெட் ஏபிஐயில் இந்த வேலையை ஸ்டேக்கே செய்துகொள்ளும்.

சாக்கெட் ஏபிஐ வைத்திருப்பவர்களுக்கு வேறொரு கண்ணி உண்டு. ஸ்டேக்கின் த்ரெட்டுக்கு வரும் பாக்கெட்டுகள் ஒரு மெயில்பாக்ஸ் வழியாகத்தான் போகும், ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனி மெயில்பாக்ஸ் உண்டு. அவற்றின் அளவு 8, 10 என்று சின்னதாக இருந்தால், பூலில் 128 இருந்தும் வாசலிலேயே பாக்கெட் விழுந்துவிடும். விண்டோவில் எத்தனை பாக்கெட் கொள்ளுமோ அதைவிடச் சற்றுப் பெரிதாக அவற்றை வையுங்கள்.

டிரைவர் ரிங்

பயிற்சிக் குறிப்புகளைப் பார்த்து இ1000 டிரைவர் எழுதியவர்கள் பெரும்பாலும் பெறும் பக்கத்தில் 32 டிஸ்கிரிப்டர் வைத்திருப்பீர்கள். பாக்கெட் வந்ததும் கார்டு எழுப்பும் இன்டரப்டில் உடனுக்குடன் காலி செய்தால் அது போதும். ஆனால் புதியவர்கள் பலர் இன்டரப்டுக்குப் பதில் டைமர் துடிப்பில் கார்டை எட்டிப் பார்க்கிறார்கள். வினாடிக்கு 100 துடிப்பு, ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 32 பாக்கெட். 3,200 பாக்கெட்டுக்கு மேல் ஒரு வினாடியில் வரவே வழியில்லை. அதோடு ஒவ்வொரு பாக்கெட்டும் 10 மில்லிவினாடி வரை சும்மா காத்திருக்கும். தீவுக்குள் 3 மில்லிவினாடியில் போய்வரும் பாதையை நீங்களே நாலு மடங்கு நீளமாக்குகிறீர்கள்.

இன்டரப்டுக்கு மாறுங்கள். ரிங்கை 64 அல்லது 128 ஆக்குங்கள். ஒரு டிஸ்கிரிப்டர் 16 பைட், ரிங்கின் மொத்த நீளம் 128 பைட்டின் மடங்காக இருக்க வேண்டும் என்பதால் எண்ணிக்கை எட்டின் மடங்காக இருக்கட்டும். ஆர்டிஎல்8139-இல் அனுப்பும் பக்கம் நாலே டிஸ்கிரிப்டர்தான். அது கார்டின் வரம்பு, நாம் கூட்ட முடியாது.

பாக்கெட் தொலையும்போது

இதுவரை நல்ல சாலை. இப்போது நெட்எம்மில் தாமதத்தோடு ஒரு சதவீத இழப்பையும் சேருங்கள். நடுவில் ஒரு பாக்கெட் தொலைந்தால், அதற்குப் பின்னால் வந்தவற்றை ஸ்டேக் தூக்கி எறியாமல் பூலிலேயே வைத்துக் காத்திருக்கும். தொலைந்தது மறுபடி வந்து சேரும்வரை ஏறத்தாழ முழு விண்டோவும் பூலில் உட்கார்ந்திருக்கும். பூல் நிரம்பிவிட்டால் எல்டபிள்யூஐபி அப்படிக் காத்திருப்பவற்றை விடுவித்துவிடும், பிறகு எல்லாமே மறுபடி வர வேண்டும். புள்ளிவிவரத்தில் பிபஃப் பூலுக்கு எதிரே இரண்டு எண்களைப் பாருங்கள்: உச்சமாக எத்தனை பயன்பட்டது, எத்தனை முறை இல்லை என்று கைவிரித்தது. இரண்டாவது எண் சுழியமாக இருக்கும்வரை பூல் போதுமானது. நான் எந்த மாற்றத்தையும் இழப்புச் சோதனையில் தேறிய பிறகுதான் வைத்துக்கொள்கிறேன்.

லண்டன் வரை போக: விண்டோ ஸ்கேல்

64,240 பைட் விண்டோ லண்டன் தூரத்தில் வினாடிக்கு 3,78,000 பைட்டுக்குக் கீழேதான் தரும். 16 பிட்டைத் தாண்ட 1992-இல் ஆர்எஃப்சி 1323 என்ற இணைய விதிமுறை ஆவணம் ஒரு வழி சொன்னது. 2014-இல் ஆர்எஃப்சி 7323 அதைப் புதுப்பித்தது. இணைப்புத் தொடங்கும் சின் பாக்கெட்டில் இரு பக்கமும் ஒரு ஸ்கேல் எண்ணைச் சொல்லிக்கொள்ளும். அது 2 என்றால் விண்டோ எண்ணை நாலால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

எல்டபிள்யூஐபியில் விண்டோ ஸ்கேலை இயக்கி, ரிசீவ் ஸ்கேலை 2 ஆக்கி, விண்டோவை 176 பெருக்கல் 1,460, அதாவது 2,56,960 ஆக்குங்கள். பூலும் கூடவே 256 ஆக வேண்டும், ஏறத்தாழ 400 கிலோபைட். இதற்கு மேல் பொழுதுபோக்குக் கெர்னலுக்குத் தேவைப்படாது என்பது என் எண்ணம். கிகாபிட் வேகத்தில் சென்னையை எட்ட 5 எம்பி விண்டோ வேண்டும். அதற்கு முன் உங்கள் நகலெடுக்கும் கோடும், பாக்கெட் பழுதில்லையா என்று சரிபார்க்கும் செக்சம் கோடும்தான் மூச்சு வாங்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். இணைப்புத் தொடங்கும் இடத்தைப் பிடிக்காமல் நடுவிலிருந்து வயர்ஷார்க்கில் பிடித்தால், அதற்கு ஸ்கேல் தெரியாது. விண்டோவை நாலில் ஒரு பங்காகக் காட்டும். அதைப் பார்த்து அமைப்பு வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அனுப்பும் பக்கம்

உங்கள் இயங்குதளம் கோப்பை வாங்குவது மட்டுமல்லாமல் கொடுக்கவும் செய்தால் மூன்று எண்களைச் சேர்த்து மாற்ற வேண்டும். செண்ட் பஃபர் இயல்பாக எம்எஸ்எஸ்ஸின் இரண்டு மடங்கு. எட்டு மடங்காக்குங்கள், 11,680. அப்போது செண்ட் க்யூ நீளம் 32 ஆகிவிடும், டிசிபி செக்மென்ட் எண்ணிக்கையின் இயல்போ 16. மறுபடி கம்பைல் பிழை வரும்; அதை 64 ஆக்குங்கள். மூன்றாவது மெம் சைஸ். அனுப்பும் சரக்கு நகலெடுக்கப்படும் ஹீப் இதுதான், இயல்பு வெறும் 1,600 பைட். இதை மறந்தால் கம்பைல் ஆகும், ஓடும், ஆனால் அனுப்பும் அழைப்பு நினைவகம் இல்லை என்று அவ்வப்போது திருப்பி விடும். 64 கிலோபைட் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

டெல்நெட் மாதிரி ஒவ்வோர் எழுத்தாக அனுப்பும் நிரல் இருந்தால் நேகிள் முறையை அந்த இணைப்புக்கு மட்டும் அணையுங்கள். 1984-இல் ஜான் நேகிள் எழுதிய ஆர்எஃப்சி 896-இல் வந்த முறை அது. சின்னச் சரக்குகளைச் சேர்த்து அனுப்ப, முந்தைய பதில் வரும்வரை காத்திருக்கும். எதிர்முனையும் பதிலைத் தாமதித்தால் இரண்டு காத்திருப்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். கோப்பு இறக்கும் இணைப்புகளுக்கு அதை அப்படியே விடுங்கள்.

நிஜ மெஷினுக்குப் போகும்போது

க்யூஎம்யூ காட்டும் இ1000 என்பது இன்டெல் 82540ஈஎம் கார்டு. கரோசலில் வாங்கிய பழைய தின்க்பேட் டி60 போன்றவற்றில் இருப்பது 82573எல். குடும்பம் ஒன்றுதான், ஆனால் டிவைஸ் ஐடி வேறு. கார்டின் மேக் முகவரி இருக்கும் ஈப்ராமைப் படிக்கும் ரிஜிஸ்டரில் பிட்டுகளின் இடமும் வேறு. மேக் முகவரி எல்லாம் சுழியமாக வந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

எமுலேட்டரில் 40 மில்லிவினாடி, ஒரு சதவீத இழப்பு இரண்டையும் தாங்கிய அதே அமைப்புக் கோப்பை மாற்றாமல் எடுத்துப் போங்கள். வைஃபை வழியாக வேண்டாம், ரௌட்டருக்கு நேராகக் கேபிள் போடுங்கள். முதலில் வீட்டுக்குள் இன்னொரு கணினியிலிருந்து 10 எம்பி, அப்புறம் கடல் தாண்டி 10 எம்பி. வீட்டுக்குள் வேகம், கடல் தாண்டினால் மெதுவு என்றால் விண்டோவைப் பாருங்கள். இரண்டிலும் மெதுவு என்றால் ரிங்கையும் இன்டரப்டையும் பாருங்கள். நெடுநேரம் நின்று நின்று போனால் முதலில் சொன்ன கடிகாரத்துக்குத் திரும்புங்கள்.

தம்பியின் தின்க்பேடில் போன சனிக்கிழமை சென்னைக் கோப்பு ஏழு வினாடியில் இறங்கியது. கணக்கு சொன்னதைவிட அரை வினாடிக்கும் மேல் அதிகம். அது எங்கே போனது என்று இந்த வாரம் பார்க்கப் போகிறோம். இணைப்பின் முதல் சில நடைகளில் சர்வர் மெதுவாகத் தொடங்குவது ஒரு பங்கு, செக்சம் கோடு இன்னொரு பங்கு என்பது என் ஊகம். அவன் செக்சம் ஃபங்ஷனை நான்கு நான்கு பைட்டாகக் கூட்டும்படி திருத்திக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.